ட்ரிக்கர் கனமா இருந்தா இருக்கட்டும், சொரசொரன்னு இருக்கக் கூடாது

துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கிற நம்ம டெல்டா ஆட்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும். "ட்ரிக்கர் ரொம்ப ஹார்டா இருக்குண்ணே, யாரப் புடிச்சு லேசாக்கலாம்?" கரும்புக்குள் பன்றி புகுந்து உழப்பிவிட்டுப் போன வருஷமென்றால் இன்னும் சூடாகப் பேசுவார்கள், ஏதோ ட்ரிக்கரை லேசாக்கிவிட்டால் கொள்ளிடக்கரைப் பன்றியெல்லாம் வரிசையில் வந்து நிற்கும் என்கிற மாதிரி. 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் இங்கே வேட்டை ஏது? நம்ம துப்பாக்கி பாதி நாள் பீரோவில், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியிலிருந்து வரும் வேட்டை ரைபிள் ட்ரிக்கர் கனமாக இருப்பதை நான் குறையாகவே சொல்ல மாட்டேன். தவறி வெடித்தால் வாங்கியவன் கேஸ் போடுவான் என்ற பயத்தில் கூட்டி வைக்கிறான், வைக்கட்டும். 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைபிள் போட்டியில் ட்ரிக்கரை விடுவிக்கத் தேவையான அழுத்தம் 1500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பதே விதி, அதில்தான் உலகத்தரமான ஆட்கள் நடுவில் உள்ள பத்து மதிப்பெண் வளையத்தில் போடுகிறார்கள். வயல் வரப்பில் ஈரக்கையோடு நிற்பவனுக்கு அதைவிட லேசாக எதற்கு?

பிரச்சினை இழுவையில், அதாவது வெடிக்கும் முன் ட்ரிக்கர் நகர்கிற விதத்தில் இருக்கிறது. உள்ளே சியர் என்று ஒரு துண்டு, ட்ரிக்கரின் விளிம்பில் உட்கார்ந்து, தோட்டாவை அடிக்கும் பின்னைத் தள்ளுகிற ஸ்பிரிங்கின் மொத்த பலத்தையும் தாங்கி நிற்கிறது. அந்த இரண்டு முகமும் வழவழப்பாக, சரியான கோணத்தில் இருந்தால் விரல் அழுத்துவதே தெரியாமல் டக்கென்று விடும். மட்டமாக இழைத்திருந்தால் மணல் புகுந்த தாழ்ப்பாள் மாதிரி நறநறவென்று நகரும், நின்று நின்று நகரும், எப்போது விடும் என்றே தெரியாது, அதற்குள் குழல் முனை ஆடிவிடும். கனத்துக்கு வக்கீலைக் காரணம் சொல்லலாம், இந்த நறநறப்புக்கு எந்த வக்கீலைச் சொல்வது? மெனக்கெடாததுதான் காரணம்.

நம்மிடம் அதிகம் புழங்கும் இச்சாப்பூர் தொழிற்சாலை ரைபிள் .315 பற்றி ஒரு வார்த்தை. அது பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய லீ என்ஃபீல்ட் ரைபிள் வழி வந்தது, இரண்டு கட்ட ட்ரிக்கர். முதலில் லேசாக வருவது இழுவை இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு தடுப்பு, அதைத் தாண்டினால் வெடி. இது தெரியாமல் "லூசா இருக்கு" என்று சொல்லி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பவர்கள் உண்டு. இன்னொன்று, அந்தப் பழைய அமைப்பில் ட்ரிக்கர் ரிசீவர் என்கிற மேல் இரும்பு உடலில் தொங்காது, கீழே ட்ரிக்கரைச் சுற்றி இருக்கும் கார்டு என்கிற வளையத்தில்தான் மாட்டியிருக்கும். நடுவில் கட்டையின் மரம். ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஊதினால் ட்ரிக்கரின் பிடிப்பும் மாறும். நம்ம ஊர் ஈரத்துக்கு இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. வெள்ளைக்காரனே பின்னாளில் லீ என்ஃபீல்டின் நம்பர் 4 மார்க் 2 மாடலில் ட்ரிக்கரை ரிசீவருக்கு மாற்றிவிட்டான்.

ட்ரிக்கருக்குள் சின்னத் தப்பும் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ரெமிங்டன் 700 என்கிற அமெரிக்க ரைபிளின் கதையைக் கேட்க வேண்டும். 2006 மே முதல் செய்த ட்ரிக்கர்களை 2014 ஏப்ரலில் திரும்ப அழைத்தார்கள். காரணம் என்ன தெரியுமா, கோக்கும்போது பூசிய பசை கூடிப்போய், தானாக வெடிக்கும் ஆபத்து. இத்தனைக்கும் அது பேர் போன ரைபிள். இன்னொரு பக்கம் சாவேஜ் என்கிற அமெரிக்கக் கம்பெனிக்காரன் 2002-ல் அக்யூ ட்ரிக்கர் கொண்டுவந்தான். நடுவில் மெல்லிய தகடு, அதை அழுத்தாமல் ட்ரிக்கர் மட்டும் அதிர்ந்து விட்டால் சியர் அங்கேயே பிடித்துக்கொள்ளும். வாங்கியவன் ட்ரிக்கர் ஸ்பிரிங் கனத்தை மட்டும் கூட்டலாம் குறைக்கலாம், சியர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதில் அவன் கைவைக்க இடமில்லை. இதுதான் நேர்மையான வழி. ஸ்பிரிங்கை எனக்குக் கொடு, சியரை நீ வைத்துக்கொள்.

நம்ம ஆட்கள் செய்வதோ தலைகீழ். லேத்துப் பட்டறையில் கொடுத்து சியரில் அரம் போடச் சொல்கிறார்கள். அந்த முகத்தில் கெட்டிப்படுத்திய பாகம் மெல்லிய மேல்தோல்தான். அது போனால் கொஞ்ச நாள் வெண்ணெய் மாதிரி இருக்கும், அப்புறம் விளிம்பு மழுங்கி, போல்ட்டை, அதாவது தோட்டா போட்டு அடைக்கிற தாழை, வேகமாக மூடினாலே பின் விழும். சட்டப்படியும் மாட்டிக்கொள்வீர்கள், ஆயுதச் சட்டம் 1959 பிரிவு 5-ன்படி லைசென்ஸ் இல்லாதவன் துப்பாக்கியைப் பழுது பார்க்கவே கூடாது.

யாராவது ட்ரிக்கரை "சரிபண்ணி" கொடுத்திருந்தால், தோட்டா இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு போல்ட்டைப் பலமாக மூடிப் பாருங்கள். சேஃப்டியைப் போட்டு ட்ரிக்கரை அழுத்தி விட்டு, கையை எடுத்து, அப்புறம் சேஃப்டியை எடுங்கள். கட்டையின் அடியை ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். இதில் ஒன்றிலாவது பின் விழுந்தால் அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடாதீர்கள், நேராக லைசென்ஸ் உள்ள டீலரிடம் கொண்டுபோங்கள்.

திருச்சி, தஞ்சாவூர் பக்கம் பழைய .315-க்கு ஸ்பிரிங் மாற்றித் தரும் லைசென்ஸ் உள்ள ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அரம் போடுகிறவர் வேண்டாம்.