விண்வெளிப் பங்கா? டீமேட்டில் என்ன ஏறும் என்று முதலில் கேளுங்கள்

சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்குகிறவர் முதலில் கேட்பது ‘எத்தனை டச்?’ என்றுதான், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று. டிசைன் எல்லாம் அப்புறம். அதே ஆள், ‘அமெரிக்க ராக்கெட் கம்பெனி ஸ்பேஸ்எக்ஸின் பங்கு, வெறும் 50,000 ரூபாயிலிருந்து’ என்று வாட்ஸ்ஆப்பில் வந்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தை அனுப்பிவிடுகிறார். என்னால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துப் படியுங்கள்.

முதலில் நம் நாட்டு நிறுவனங்கள். 2022 நவம்பர் 18 அன்று ஹைதராபாத் ஸ்கைரூட் கம்பெனியின் விக்ரம்-எஸ் ராக்கெட் பறந்தது. 2024 மே 30 அன்று சென்னை அக்னிகுல், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சினோடு, ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து ராக்கெட்டை அனுப்பியது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் இவை பிரைவேட் லிமிடெட்டாகத் தொடங்கியவை. ஒரு கம்பெனி அப்படி இருக்கும்வரை, 2013 கம்பெனிச் சட்டப்படி, பொதுமக்களைப் பார்த்து ‘எங்கள் பங்கை வாங்குங்கள்’ என்று கூப்பிடவே கூடாது. ஊழியர் கணக்கு போக, பங்குதாரர் 200 பேரைத் தாண்டக் கூடாது. பங்கைக் கைமாற்றவும் கட்டுப்பாடு உண்டு. ஆகவே, பொதுவாக எல்லோருக்கும் போகிற அழைப்பு கம்பெனியிலிருந்தே வந்திருந்தால் அது சட்டமீறல். வேறு யாரோ அனுப்பியிருந்தால், அவர் எதை விற்கிறார் என்று பார்க்க வேண்டும்.

கம்பெனி முறைப்படி பங்கு கொடுத்தால், பங்கு வாங்க அழைக்கும் பிஏஎஸ்-4 என்ற கடிதம் உங்கள் பெயர் போட்டு வரும். பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கம்பெனிக் கணக்குக்குப் போகும், ரொக்கம் கிடையாது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவான மாற்று முதலீட்டு நிதி, அதாவது ஏஐஎஃப் வழியாகப் போவதென்றால் பொதுவாகக் குறைந்தபட்சம் 1 கோடி ரூபாய். சாதாரண ஆளுக்கு இரண்டு கதவும் சாத்தித்தான் இருக்கின்றன.

அப்படியானால் வெளியே விற்பது என்ன? பெரும்பாலும் பழைய ஊழியருக்குக் கம்பெனி கொடுத்த ஈசாப் பங்கு, அல்லது ஆரம்பத்தில் பணம் போட்டவரின் பங்கு. இதை விற்க பல கம்பெனிகளில் இயக்குநர் குழு ஒப்ப வேண்டும். இருக்கிற பங்குதாரர்களுக்கு ‘முதலில் எனக்குத் தா’ என்று கேட்கும் உரிமையும் இருக்கும். இதைத் தாண்டத்தான் நடுவில் ஒரு எல்எல்பி-யை, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை நிறுவனத்தை, நிறுத்துகிறார்கள். பங்கு எல்எல்பி பெயரில் இருக்கும். உங்கள் கையில் இருப்பது அந்த எல்எல்பி-யோடு போட்ட ஒப்பந்தம் மட்டும். இப்படிப் பலரிடம் பணம் திரட்டி முதலீடு செய்ய செபி பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், செபி இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். அனுப்புகிற பிடிஎஃப்-ஐ நம்ப வேண்டாம்.

டீமேட்டில், அதாவது பங்கை மின்னணுவாக வைக்கும் கணக்கில், ஏறுகிற இந்தியப் பங்கு என்றால் ஐஎஸ்ஐஎன் என்ற அடையாள எண் இருக்கும்: ஐஎன்இ என்று தொடங்கும் 12 எழுத்தும் எண்ணும். டீமேட் பங்குகளைக் காக்கும் என்எஸ்டிஎல் அமைப்பின் தளத்தில் போட்டுப் பார்த்தால் கம்பெனி பெயரும் பங்கின் வகையும் வரும். அந்த வகையை உற்றுப் பாருங்கள். ஈக்விட்டி என்ற சாதாரணப் பங்கா, கட்டாயமாக ஈக்விட்டியாக மாறும் முன்னுரிமைப் பங்கான சிசிபிஎஸ்ஸா? செய்தியில் வரும் ‘இத்தனை ஆயிரம் கோடி மதிப்பு’ பெரிய முதலீட்டாளர்கள் சிசிபிஎஸ்ஸுக்குக் கொடுத்த விலையிலிருந்து போடும் கணக்கு. அவர்கள் 300 கோடி போட்டு, ‘கம்பெனியை விற்றால் எங்கள் பணம் முதலில்’ என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கம்பெனி 300 கோடிக்கே விலைபோனால், சாதாரண ஈக்விட்டி வைத்திருப்பவருக்கு வருவது பூஜ்யம். இரண்டும் ஒரே கம்பெனியின் பங்குதான், டச் வேறு. கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டினால், கணக்கையும் விதிமுறைகளையும் பார்க்கலாம். 2 லட்சம் போடுவதற்கு முன் 100 ரூபாய் செலவழிக்க ஏன் யோசிக்கிறோம் என்றுதான் புரியவில்லை.

விலையும் ஒரு பொறி. விண்வெளிக் கம்பெனி அல்லாத உதாரணம்தான், ஆனால் பாடம் ஒன்றே: எச்டிபி ஃபைனான்ஷியல் பங்கு சந்தையில் பட்டியலாகும் முன் வெளியே 1,200 ரூபாய்க்கு மேல் கைமாறியது. 2025 ஜூனில் ஐபிஓ, அதாவது பொதுமக்களுக்கான முதல் பங்கு வெளியீடு, வந்தபோது விலை 740. முன்னாடியே வாங்கியவருக்கு நஷ்டம். அதோடு ஐபிஓ ஒதுக்கீட்டு நாளிலிருந்து 6 மாதம் விற்கவும் முடியாது. பட்டியலாகாத பங்குகளை விற்கும் அனுமதியற்ற தளங்களைப் பற்றி 2024 டிசம்பரில் செபியே எச்சரித்தது.

அமெரிக்காவுக்கு வருவோம். பட்டியலாகாத வெளிநாட்டுக் கம்பெனியின் ஈக்விட்டி வாங்குவது ஒரு பங்கானாலும் ரிசர்வ் வங்கி விதியில் ‘நேரடி வெளிநாட்டு முதலீடு’. அதற்குத் தனி படிவம், தனி நடைமுறை. ஆப்பில் தட்டி முடிகிற வேலை இல்லை. அதனால் பலர் ஸ்பேஸ்எக்ஸ் பங்கை வைத்திருந்த பட்டியலான நிதிகளைப் பிடித்தார்கள். வழி சரிதான், ஆனால் விலையைப் பார்க்காமல் இறங்கினால் கை சுடும். 2024 மார்ச்சில் நியூயார்க் சந்தைக்கு வந்த டெஸ்டினி டெக்100 ஒரு மூடிய நிதி. அதன் யூனிட்டை நிதியிடமே திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க முடியாது, சந்தையில்தான் விற்க வேண்டும். அதனால் விலைக்குக் கடிவாளமே இல்லை. ஏப்ரலில் 100 டாலரைத் தாண்டியது. அப்போது அது கடைசியாக அறிவித்திருந்த நிகர சொத்து மதிப்பு, அதாவது ஒரு யூனிட்டுக்குப் பின்னால் உள்ள சொத்தின் மதிப்பு, 5 டாலர்கூட இல்லை. 5 ரூபாய் சரக்கை 100 ரூபாய்க்கு வாங்கினார்கள், அடுத்த வாரங்களில் அது சரிந்தது. இந்த மாதிரி நிதி எதை வாங்கினாலும், அன்றைய விலையையும் நிகர சொத்து மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில்: ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை. வங்கியில் ஏ2 படிவம், பான். முதலீட்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டி அனுப்பினால், தாண்டிய தொகைக்கு 20% டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பார்கள். வரிக் கணக்கில் அது கழியும், ஆனால் அதுவரை பணம் முடங்கும். ஒரே ஒரு வெளிநாட்டுப் பங்கு இருந்தாலும் எளிய வருமான வரிப் படிவமான ஐடிஆர்-1 போட முடியாது. வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் ஷெட்யூல் எஃப்ஏ பகுதியை நிரப்ப வேண்டும். அதில் கணக்கு ஏப்ரல்–மார்ச் அல்ல, ஜனவரி–டிசம்பர். நிறையப் பேர் தவறுவது இங்கேதான்.

பட்டியலானதென்றால் பத்திரம் என்றும் இல்லை. 2023 ஜனவரியில் அமெரிக்கக் கம்பெனி விர்ஜின் ஆர்பிட்டின் ராக்கெட்டில் எரிபொருள் குழாயின் ஒரு ஃபில்டர் இடம்பெயர்ந்தது, எஞ்சின் சூடேறி ஏவல் தோற்றது. ஏப்ரலில் கம்பெனி திவால் மனு. 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்கு வந்த ராக்கெட் கம்பெனி ஆஸ்ட்ரா, 2023-ல் 15 பங்கை 1 ஆக்கியது. 2024-ல் அந்த ஒன்றையும் 50 சென்ட்டுக்கு வாங்கி நிறுவனர்கள் மறுபடி தனியாராக்கினார்கள். மொத்தச் சேமிப்பில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இந்தத் துறையில் வேண்டாம் என்பது என் கருத்து.

நம் சந்தையிலேயே வாங்கலாம் என்றால் எச்ஏஎல், எம்டிஏஆர், சென்னை டேட்டா பேட்டர்ன்ஸ் எல்லாம் இருக்கின்றன. இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி-யின் தொழில்நுட்பத்தை 2025-ல் 511 கோடிக்கு ஏலம் கேட்டு எடுத்தது எச்ஏஎல். ஆனால் அதன் பெரும் வருமானம் போர் விமானமும் ஹெலிகாப்டரும்தான். இஸ்ரோ ராக்கெட்டுகளின் விகாஸ் எஞ்சினுக்குப் பாகம் செய்யும் எம்டிஏஆரில் பெரும்பகுதி தூய எரிசக்தி ஆர்டர். காலாண்டு முடிவோடு வரும் முதலீட்டாளர் விளக்கத்தில் ‘ஆர்டர் புக்’, அதாவது கையிலிருக்கும் ஆர்டர்களின் பக்கத்தைத் திறந்து, விண்வெளிக்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். நம் சேலம் உருக்காலைகூட சந்திரயான்-2 கிரையோஜெனிக் எஞ்சினுக்குச் சிறப்புத் தகடு கொடுத்தது. அதற்காக அந்த ஆலையை வைத்திருக்கும் செயில் நிறுவனத்தின் பங்கு விண்வெளிப் பங்கு ஆகிவிடாது; அதை நடத்துவது நாட்டின் எஃகு விலை.