பாய்காட் என்றொரு துரை

ஒரு படம் வெளியாவதற்கு முன்பே 'பாய்காட்' ஹேஷ்டேக் டிரெண்டாகிவிடுகிறது. எந்தப் படம் என்பது எனக்கு முக்கியமில்லை. அந்தச் சொல் படும் பாட்டைப் பார்த்தால்தான் மனசு ஆறவில்லை. அது, குத்தகை கட்ட வழியில்லாத குடியானவர்கள் போராடிப் பெற்ற சொல்.

கேப்டன் சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்டவர். நம்மூர்க் கணக்கில் ஜமீன் காரியஸ்தர். 1880இல் விளைச்சல் மோசம். குத்தகையில் 25 சதவீதம் குறைக்கச் சொல்லிக் குடியானவர்கள் கேட்டார்கள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பரில், நிலத்தைவிட்டு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க ஆள் வந்தபோது, பெண்கள் கல்லையும் சேற்றையும் எறிந்து விரட்டினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய விஷயம். துரை வீட்டு வேலையாட்கள் வேலையைவிட்டு நின்றார்கள். துணி வெளுக்க ஆளில்லை. குதிரைக்கு லாடம் அடிக்கக் கொல்லர் வரவில்லை. கடைக்காரர் சாமான் தரவில்லை. தபால் கொண்டுவரும் பையனும் நின்றுவிட்டான். டர்னிப் கிழங்கு தோண்ட ஆளில்லாமல் மண்ணுக்குள்ளேயே கிடந்தது. கடைசியில் அறுவடைக்கு வெளியிலிருந்து 50 பேரை இறக்கி, அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ 1000 சிப்பாய்களை நிறுத்தினார்கள். சில நூறு பவுண்டு பெறுமான விளைச்சலுக்கு 10,000 பவுண்டு செலவு என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள். டிசம்பர் பிறந்ததும் துரை அயர்லாந்தைவிட்டே கிளம்பிவிட்டார். பெயர் மட்டும் தங்கிவிட்டது. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் என்று போகாத மொழியில்லை.

1905இல் வங்காளத்தில் அந்நியத் துணிக்கு எதிராக அதே ஆயுதத்தை எடுத்தார்கள். 1908இல் தூத்துக்குடியில், வெள்ளையர் பக்கம் நின்றவர்களுக்குச் சவரம் செய்ய மாட்டோம் என்று நாவிதர்கள் சொன்னார்கள். கத்தியைக் கீழே வைப்பதே போராட்டமான நாட்கள் அவை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அதே 1880 செப்டம்பரில் அயர்லாந்தின் என்னிஸ் நகரில் பேசிய, குடியானவர்கள் போராட்டத்தின் தலைவர் பார்னெல், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுத்துக்கொள்கிறவனைத் தொழுநோயாளியைப் போல ஒதுக்கிவையுங்கள் என்றார். அப்படி எடுப்பவனும் பெரும்பாலும் இன்னொரு குடியானவன்தான். இந்தக் கொடூரம் பிறவியிலேயே அந்த ஆயுதத்தில் இருக்கிறது. அதனால்தான் யார் கையில் இருக்கிறது, யார் மேல் பாய்கிறது என்பதை விடாமல் கேட்க வேண்டும் என்கிறேன்.

இங்கே ஒரு தலித் குடும்பத்துக்குக் கடையில் சாமான் தராமல், வயலில் வேலை தராமல், குடிநீர்க் குழாய்ப் பக்கம் வரவிடாமல் செய்கிறார்கள். மேயோவில் துரைக்கு நடந்தவற்றில் பாதி இதில் இருக்கிறது. ஆனால் நிலமும் கடையும் ஒதுக்குகிறவர்கள் கையில் இருக்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் இதைத் தண்டனைக்குரிய குற்றம் என்றே சொல்கிறது. அதைச் செய்தியில் 'சமூகப் புறக்கணிப்பு' என்று போகிறபோக்கில் எழுதுகிறோமே, எப்படி மனசு வருகிறது? ஊர்விலக்கு என்று எழுதுங்கள். யார் விலக்கினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.