முதலில் வீட்டார் பேசி முடிவெடுங்கள், பிறகு நாயைத் திட்டலாம்

நாய் வளர்க்கும் பல வீடுகளில் இதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். தாத்தா சாப்பிடும்போது தட்டிலிருந்து ஒரு விள்ளல் தோசையைப் பிய்த்துப் போடுவார். நாய் லாவகமாகக் கவ்விக்கொள்ளும், எல்லோரும் ரசிப்பார்கள். விருந்தாளி வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அதே நாய் அதே நம்பிக்கையோடு முகத்தை நீட்டும். முதுகில் பளீரென்று அடி விழும். நேற்றுவரை கொஞ்சலை வாங்கித்தந்த செயலுக்கு இன்று அடி என்றால் இது என்ன நியாயம்?

"எப்போதாவது ஒருமுறைதானே கொடுக்கிறேன்" என்பார்கள். அதுதான் வினை. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் அவ்வப்போது கிடைக்கும் தீனிதான் பழக்கத்தை விடாப்பிடியாக ஆக்குகிறது. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து இதை எப்போதோ காட்டிவிட்டார். பலமுறை விரட்டிவிட்டு ஒருமுறை இரங்கினால், இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் கிடைக்கும் என்றுதான் நாய் கற்றுக்கொள்கிறது. தவிர, சாம்பார் சாதத்தில் இருக்கும் வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. பாசத்தில் போடும் பிடி சோறே அதற்கு நஞ்சாகலாம்.

"செய்த தப்பு அதற்கே தெரியும், முழியைப் பாருங்கள்" என்பதையும் நான் ஏற்கமாட்டேன். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தின்னக்கூடாது என்ற பண்டத்தைத் தின்ற நாய்களும் தின்னாத நாய்களும் இருந்தன. உரிமையாளர் திட்டியபோதுதான் அந்தக் 'குற்ற' முகம் வந்தது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. காலையில் கடித்த செருப்பை மாலையில் காட்டி அடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சோபாவில் ஏறலாமா கூடாதா என்பது அவரவர் வீட்டு விருப்பம். ஆனால் அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று இருக்கக்கூடாது. ஒருவர் "இறங்கு" என்கிறார், இன்னொருவர் "கீழே போ" என்கிறார், மூன்றாமவர் "நோ" என்று கத்துகிறார். ஒரே சொல்லை எல்லோரும் சொல்லுங்கள். கூடாது என்று சொல்வதோடு நிறுத்தாமல், என்ன செய்ய வேண்டும் என்பதையும் பழக்குங்கள். நாம் சாப்பிடும் நேரத்தில் மூலையில் விரித்த சாக்கில் போய்ப் படுத்தால், அதன் பங்கு அங்கேயே கிடைக்கட்டும்.

விதி என்பது அந்த நாயால் கடைப்பிடிக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். சிப்பிப்பாறை நாய், முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம். அதைப் பகல் முழுக்க இரண்டு முழச் சங்கிலியில் கட்டிவைத்துவிட்டு, "ஓயாமல் குரைக்கிறது" என்று குறை சொல்பவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. தினமும் காலையும் மாலையும் அது ஓட வழி செய்யுங்கள். குரைப்பைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.