கழுத்துக்கு ஒரு அளவு உண்டு

நம் ஊர் ஆன்லைன் குரூப்பில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அரியமான் கடற்கரையைப் பற்றிய அந்த வீடியோதான். சவுக்குத் தோப்புக்கு மேலே 1000 அடி உயரத்தில் ரோலர் கோஸ்டர் நிற்கிறதாம், கீழே "2035-ல் நம்ம ராம்நாடு" என்று தங்க எழுத்து. கம்ப்யூட்டர் வரைந்த படத்துக்கு அத்தனை இதயம். நான் போட்டது ஒரே வரி: "இரும்பு தாங்கும், உட்காருகிறவன் கழுத்து தாங்காது." அவ்வளவுதான். அதற்கு நூறு சிரிப்பு பொம்மை, "வளர்ச்சிக்கு எதிரி" என்று ஒரு பட்டம், கடைசியில் அந்தக் கமெண்ட். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் விஷயத்தைப் பேசுவோம். 1000 அடி என்றால் 305 மீட்டர். ராமேஸ்வரம் டிவி டவர் 323 மீட்டர். அந்த டவரின் கிட்டத்தட்ட உச்சியிலிருந்து பெட்டியைக் கீழே விடச் சொல்கிறீர்கள். உராய்வு, காற்று எதையும் கணக்கில் எடுக்காவிட்டால் தரைக்கு வரும்போது மணிக்கு சுமார் 278 கிலோமீட்டர் வேகம். சரி, வந்தாச்சு. இப்போது அதைத் திருப்ப வேண்டுமே? உடம்பு தன் எடையைப் போல நாலு மடங்கு அழுத்தத்தை ஒன்றிரண்டு வினாடி தாங்கும் என்று வைத்துக்கொண்டால்கூட, கீழே திரும்பும் அந்த வளைவின் ஆரம் மட்டும் 200 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் வளைவு நாலு மடங்கு அகலமாகணும். அந்த வளைவை எங்கே வைப்பீர்கள், கடலுக்குள்ளா?

வளைவைச் சின்னதாக்கினால் கழுத்து போகும். 1895-லேயே நியூயார்க்கின் கோனி ஐலண்டில் தண்டவாளத்தை முழு வட்டமாகச் சுற்றிப் பார்த்தார்கள். ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். 1976-ல் கலிஃபோர்னியாவில் கண்ணீர்த்துளி மாதிரி வளைத்த பிறகுதான் தலைகீழ்ச் சுற்று ஒழுங்காக நிலைத்தது. ஜப்பானில் டோ-டோடோன்பா என்று ஒன்று, ஒன்றரை வினாடி சுமாருக்கு 180 கிலோமீட்டர் வேகம் பிடித்தது. ஏறியவர்களுக்கு எலும்பு முறிவு என்று புகார்கள் வந்து 2021-ல் நிறுத்தினார்கள். தண்டவாளம் உடைந்ததா? இல்லையே. உடைந்தது ஆள்.

"எல்லா ரெக்கார்டையும் முடியாது முடியாது என்றுதான் சொன்னார்கள், உடைக்கவில்லையா?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. 1989-ல் 200 அடியைத் தாண்டினார்கள், 2000-ல் 300, 2003-ல் 400. 2005-ல் நியூஜெர்சியில் கிங்டா கா, 456 அடி. மூச்சுவிடாமல் ஓடினார்கள். அப்புறம்? இருபது வருஷம் அதைத் தாண்ட ஆளில்லை. கடைசியில் 2025 பிப்ரவரியில் அதையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அரை நிமிஷச் சவாரிக்கு அத்தனை பெரிய கோபுரம், பாதி நாள் ரிப்பேர், காற்று மழை என்றால் பூட்டு. இந்தப் பகுதியை மட்டும் யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

"சவுதியில் கட்டிவிட்டார்களே" என்பீர்கள். கட்டியிருக்கிறார்கள். ஃபால்கன்ஸ் ஃப்ளைட், 195 மீட்டர், 250 கிலோமீட்டர் வேகம். ஆனால் எப்படி? துவைக் மலையின் விளிம்பையே தூணாக்கி, நாலு கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம் போட்டு. அந்த நாலு கிலோமீட்டரும் கழுத்துக்காகக் கொடுத்த விலை. நம்மிடம் மலை இருக்கிறதா? ராமேஸ்வரத்தில் கந்தமாதனம் இருக்கிறது, மணல்மேடு. போர் விமானி ஒன்பது மடங்கு தாங்குகிறாரே என்றவருக்கு விளக்கமாகச் சொல்ல எனக்கு நேரமில்லை. அவர் அதற்கென்று உடை போட்டு, வருஷக்கணக்காகப் பயிற்சி எடுத்தவர். பொருட்காட்சிக்கு வருவது நம் பெரியம்மா, கையில் மிக்சர் பொட்டலத்தோடு.

நான் ஏறாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அபுதாபியில் ஆறு வருஷம் ஏசி டக்ட் வேலை பார்த்தேன். ஒரு பெருநாள் விடுமுறையில் ரூம் பையன்களோடு ஃபார்முலா ரோசா என்ற ரோலர் கோஸ்டரில் ஏறினேன். 240 கிலோமீட்டர், அதுவும் ஐந்து வினாடிக்குள். ஏறும்போதே கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிடுவார்கள். ஒரு மணல் துகள் கண்ணில் பட்டால் போச்சு. கிளம்பியதும் கன்னம் இரண்டும் காதுப் பக்கம் போனது, வாயை மூட முடியவில்லை. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னும் நாற்பது கிலோமீட்டர் கூட்டினால் இன்னும் நன்றாக இருந்திருக்குமா என்றால், இல்லை. அங்கேயே உடம்பு போதும் என்று சொல்லிவிட்டது. அடிவயிறு கலங்குவதற்கு இருபது அடியே போதும். அதை எனக்குச் சொன்னது அபுதாபி இல்லை.

அப்பா ராட்டினம் வைத்திருந்தார். மரத்தில் நாலு பெட்டி, கையால் சுற்றுவது, நின்றால் 22 அடி. ஏர்வாடி சந்தனக்கூடு, ஊர்த் திருவிழாக்கள், எங்கே கூட்டமோ அங்கே. சுற்ற ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு போல்ட்டையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். துரு இருந்தால் விரலில் காவி ஒட்டும். ஒட்டினால் அன்றைக்கு அந்தப் பெட்டிக்கு ஆள் இல்லை. உச்சியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருப்பார். கச்சான் காற்றில் அது படபடவென்று அடிக்க ஆரம்பித்தால் கையை எடுத்துவிடுவார், எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் சரி. "நாளைக்கு வாங்க ஆத்தா, காத்து சரியில்ல." அன்றைக்கு வீட்டில் கஞ்சிதான்.

பாம்பன் பாலத்திலும் அதே சங்கதிதானே? காற்று ஒரு அளவைத் தாண்டினால் சிக்னல் சிவப்பு, ரயில் நிற்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் ஒரு ரயிலையே கடல் எடுத்துக்கொண்டு போன ஊர் இது. நூறு வருஷத்துப் பாலத்தை உப்பு தின்றுதான் 2025-ல் புதுப் பாலத்தில் ரயில் விட்டார்கள். இந்தக் காற்றிலும் இந்த உப்பிலும் 1000 அடி இரும்பை நிறுத்தி, வருஷத்தில் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? நம் பக்கத்துக் கடற்கரைப் பூங்கா ஒன்றில் பிள்ளைகள் ஊஞ்சல் சங்கிலி அறுந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு ஒரு எஸ் கொக்கி வாங்கிப் போட ஆளில்லை. இதைச் சொன்னால் நான் வளர்ச்சிக்கு எதிரி.

பார்க் வரட்டும். அரியமானில் நல்லதாக, 60 அடியில், மரத்தாலேயே ஒன்று வரட்டும், முதல் டிக்கெட் நான் எடுக்கிறேன். மேடு பள்ளம் சரியாக வைத்தால் அதிலேயே குடலைப் புரட்டலாம். உயரத்தைக் கூட்டுவது தெரியாதவர்கள் செய்யும் வேலை, ருசி தெரியாதவன் உப்பைக் கூட்டுவது மாதிரி. ஏன் எப்போதும் உலகத்திலேயே பெரியது, உலகத்திலேயே உயரம்? பக்கத்தில் இருப்பது யார் கண்ணுக்குமே தெரியாதா?

அப்பாவுக்கு வீடியோவைக் காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை பார்த்தார். "துணி எங்கடா கட்டியிருக்காங்க?" என்றார்.

இப்போது அந்தக் கமெண்ட். "ராட்டினம் சுத்துனவன் மகனுக்கு ரோலர் கோஸ்டரைப் பத்தி என்ன தெரியும்?" பெயர் சொல்ல மாட்டேன். அட்மின் அழிக்கவும் இல்லை, சிரித்தவர்களில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாலு பேர். முப்பது வருஷம் சுற்றினார் அப்பா, ஒரு பிள்ளை கீழே விழுந்ததில்லை. கமெண்ட் போட்டவர் அஞ்சாம் வகுப்புப் படிக்கும்போது என் சிநேகிதன் என்பதற்காகவே மூன்று ரவுண்டு ஓசியில் சுற்றினார். இறங்கியதும் யார் சட்டையில் வாந்தி எடுத்தார் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சட்டையோடுதான் அப்பா அன்றைக்கு ராத்திரி முழுக்க ராட்டினம் சுற்றினார்.