ஜேனியின் வாய்ப்பேச்சு

நண்பர் ஒருவர் 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவலை முப்பது பக்கத்தோடு மூடி வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால் அதில் வரும் அமெரிக்கத் தென்பகுதிக் கறுப்பர்களின் பேச்சு இங்கிலீஷ் வாயில் நுழையவில்லையாம். திட்டலாம் என்று பார்த்தால் முடியவில்லை, முதல் தடவை நானும் அதையேதான் செய்தேன். 'ஐ' வர வேண்டிய இடத்தில் 'ஆ', 'மை' என்பது 'மா', 'தட்' என்பது 'டாட்'. கண்ணால் மட்டும் படித்தால் பக்கம் முழுக்க அச்சுப்பிழை போலத் தெரியும். அப்புறம் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன், பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. அது காதுக்காக எழுதின புத்தகம்.

எழுதியவர் சோரா நீல் ஹர்ஸ்டன், வெளிவந்தது 1937-இல். ஃபுளோரிடாவில் கறுப்பின மக்களே குடியிருந்து, அவர்களே மேயராகவும் இருந்து நடத்திய ஈட்டன்வில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். பிறகு நியூயார்க்கில் ஃபிரான்ஸ் போவாஸிடம் மானுடவியல் படித்துவிட்டு, திரும்பத் தன் ஊர்ப்பக்கமே போய் மளிகைக்கடைத் திண்ணைகளில் உட்கார்ந்து கதைகளையும் பொய்களையும் சேகரித்தார். அதனால் அவருக்கு அந்தப் பேச்சு பிறந்து வளர்ந்த வீடாகவும் இருந்தது, உட்கார்ந்து படித்த பாடமாகவும் இருந்தது.

அதே காலத்துக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டுக்கு இந்த நாவல் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரர்களைச் சிரிக்க வைக்கும் பழைய மேடைக் கோமாளித்தனத்தின் தொடர்ச்சி என்று மதிப்புரையில் விளாசினார். அவர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை, கறுப்பர் பேச்சைக் கோணலாக எழுதிச் சம்பாதித்தவர்கள் அதற்கு முன் எத்தனையோ பேர். ஆனால் இந்த நாவலில் யார் பேசுகிறார்கள், யாரைப் பேச விடவில்லை என்று கவனித்துப் படித்தால் ரைட் சொன்னது நிற்காது என்பது என் கட்சி.

நாவலின் நாயகி ஜேனிக்கு அப்போது பதினாறு வயது. பூத்த பேரிமரத்தடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தேனீக்கள் பூவுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைக்கிறாள். அடிமையாக இருந்து மீண்ட பாட்டி வேறு ஒரு படத்தைக் கையில் கொடுக்கிறாள்: கறுப்புப் பெண்தான் உலகத்தின் கோவேறு கழுதை. அறுபது ஏக்கர் வைத்திருக்கும் கிழவனுக்குக் கட்டிக்கொடுக்கிறாள். கொஞ்ச நாளில் அவன் ஒரு கோவேறு கழுதை வாங்கக் கிளம்புகிறான், பொம்பளை கைக்கும் அடங்குகிற சாதுவான கழுதையாகப் பார்த்து, ஜேனியும் ஏர் பிடிக்கட்டும் என்று. பாட்டி உருவகமாகச் சொன்னது நிஜக் கழுதையாக வாசலுக்கு வரப்போகிறது. உவமையை அலங்காரமாக வைக்கிறவர்கள் இப்படி எழுத மாட்டார்கள்.

இரண்டாவது புருஷன் ஜோ ஸ்டார்க்ஸ் ஊர் மேயர், கடைக்காரன். மற்ற ஆண்கள் ஆசையாகப் பார்க்கிறார்கள் என்று அவள் தலைமுடியைத் துணியால் கட்டவைக்கிறான். திண்ணையில் ஊரே அரட்டை அடிக்கிறது, பொய்யளக்கிறது, ஒருவரையொருவர் வார்த்தையால் வாருகிறது. ஜேனி மட்டும் உள்ளே கல்லாவில். இருபது வருஷம் இப்படி ஓடுகிறது. ஒருநாள் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது ஜோ அவள் வயதையும் உடம்பையும் கேலி செய்கிறான், அவள் திருப்பிக் கொடுக்கிறாள், கடைசி வரி அவன் ஆண்மையையே பிடித்து. அது அப்பட்டமான திண்ணைப் பேச்சு! அத்தனை வருஷம் காதால் கேட்டதை மனசில் வைத்திருந்து, அதே வழக்கில், அதே ஆண்கள் முன்னால் திருப்பிக் கொடுக்கிறாள். அந்த வரியைத் திருத்தமான ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், அடி விழாது.

கதைசொல்லியின் குரல் வேறு. அது கவிதை கலந்த எழுத்து ஆங்கிலம். நம் கரிசல் கதைகளில் பேச்சும் விவரிப்பும் ஒன்றுக்குள் ஒன்று கரைவதைப் பார்த்துப் பழகினவர்களுக்கு இங்கே நடப்பது சுலபமாகப் பிடிபடும். போகப்போக ஜேனியின் சொற்கள் மேற்கோள் குறியைத் தாண்டி விவரிப்புக்குள் கசிந்துவிடும். 1928 ஓக்கிசோபி ஏரிப் புயல் வரும் பக்கங்களில் எது அவள் நினைப்பு, எது கதைசொல்லியின் வாக்கு என்று என்னால் பிரிக்கவே முடியவில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் எனக்குச் சண்டை. கடைசியில் ஜேனி கோர்ட்டில் நிற்கிறாள். வெறிநாய் கடித்துப் புத்தி பேதலித்துத் துப்பாக்கியைத் தூக்கிய மூன்றாவது புருஷனை, தன் உயிரைக் காத்துக்கொள்ளச் சுட்டுவிட்டாள். நடுவர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் வெள்ளைக்கார ஆண்கள். இப்போது அவள் வாயைத் திறக்க வேண்டும், நாம் காத்திருக்கிறோம். ஹர்ஸ்டன் அவள் சாட்சியத்தை அவள் வாயில் தராமல், சுருக்கமாக விவரித்துவிட்டுக் கடந்துவிடுகிறார். தோழி ஃபீபியிடம் பின்வாசலில் உட்கார்ந்து முழுக்கதையும் சொல்பவள், அந்த ஆண்கள் முன் பேசியதை நமக்குக் கேட்க விடவில்லை. அந்தப் பேச்சை அவர்கள் காதுக்குத் தர மனமில்லாமல் வேண்டுமென்றே செய்தார் என்று சிலர் வாதாடுவார்கள், இருக்கலாம். மூன்று முறை படித்துவிட்டேன், அந்தப் பக்கம் வரும்போது இன்னமும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.