41 டன் டேங்க்குக்கு 100 மில்லி

(ஆவடியில் ஒரு ஹார்டுவேர் கடை. மாலை ஆறு மணி. கல்லாவில் தணிகாசலம், வயது அறுபத்தைந்துக்கு மேல். கேக் டப்பா ஒன்றைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு பாஸ்கர் படியேறுகிறார்.)

பாஸ்கர்: ஐயா, டர்பன்டைன் இருக்கிறதா?

தணிகாசலம்: இருக்கிறதே. கதவுக்கா, கிரில்லுக்கா?

பாஸ்கர்: டேங்க்குக்கு. ஒரு வாஷ் கொடுக்கணும்.

தணிகாசலம்: தம்பி! குடிக்கிற தண்ணீர் அது! டேங்க் கழுவ யாராவது டர்பன்டைன் ஊற்றுவார்களா? பிளீச்சிங் பவுடர் தருகிறேன். எத்தனை லிட்டர் டேங்க்?

பாஸ்கர்: லிட்டர் கணக்கெல்லாம் இல்லை. முப்பத்தைந்தில் ஒன்று.

தணிகாசலம்: முப்பத்தைந்தில் ஒரு பங்குதான் தண்ணீர் கிடக்கிறதா? அப்போ கழுவ இதுதான் சரியான நேரம்.

பாஸ்கர்: ஐயோ, பீரங்கி டேங்க் ஐயா. நிஜ டேங்க்கை முப்பத்தைந்து மடங்கு குறைத்துச் செய்கிற மாடல். 100 மில்லி போதும்.

தணிகாசலம்: 100 மில்லியா? அது மோந்து பார்க்கத்தான் ஆகும். சரி, பெரிய கேனில் நிறைய இருக்கிறது. தின்னர் வேண்டுமானால் சின்ன பாட்டிலிலேயே கிடைக்கிறது, தரட்டுமா?

பாஸ்கர்: (இரண்டடி பின்வாங்கி) வேண்டவே வேண்டாம்! போன தடவை அவசரத்தில் என்.சி. தின்னரைத் தடவிவிட்டேன். பீரங்கிக் குழாய் வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி தலை குனிந்துவிட்டது. எதிரிக்கு வணக்கம் சொல்கிற ஒரே டேங்க் என் வீட்டில்தான் இருக்கிறது.

தணிகாசலம்: பிளாஸ்டிக் மேல் என்.சி.யை ஊற்றினால் வேறென்ன ஆகும்? டப்பாவைத் திற, பார்ப்போம்.

(பாஸ்கர் திறக்கிறார். உடம்பு ஒரு ஜாண் நீளம். பீரங்கி அதற்கு மேலும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்கிறார். உதடு அசைய சக்கரத்தை எண்ணுகிறார்.)

தணிகாசலம்: பக்கத்துக்கு ஆறு. டி-72 டேங்க். நம்ம ராணுவத்தில் அஜேயா என்பார்கள்.

பாஸ்கர்: அட, பார்த்ததும் சொல்லிவிட்டீர்களே!

தணிகாசலம்: பச்சை நன்றாகத்தானே உட்கார்ந்திருக்கிறது? பளபளவென்று வேறு இருக்கிறது. இதற்கு மேல் என்ன செய்யப் போகிறாய்?

பாஸ்கர்: அழுக்காக்கப் போகிறேன்.

தணிகாசலம்: காசு கொடுத்தா? மழை பெய்யும்போது என் கடை வாசலில் ஐந்து நிமிஷம் வை. லாரிக்காரன் இலவசமாக முடித்துக் கொடுப்பான்.

பாஸ்கர்: அப்படி இல்லை ஐயா. நிஜ டேங்க்கில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் நிழல் விழும். இதில் போல்ட்டே கடுகில் பாதி. எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் நிழல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நிழலையும் நாமே ஊற்ற வேண்டியிருக்கிறது. அதற்குப் பெயர்தான் வாஷ்.

தணிகாசலம்: எதை வைத்து?

பாஸ்கர்: ஓவியர்கள் கேன்வாஸில் பூசுகிற ஆயில் பெயிண்ட். பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்பு, அதில் துளி கறுப்பு. முதலில் அதை ஓர் அட்டையில் பிதுக்கி இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுவேன். பஜ்ஜியைப் பேப்பரில் போட்டு எண்ணெயை வடிக்கிறோமே, அந்த மாதிரி. அதில் இருக்கிற ஆளிவிதை எண்ணெயில் பாதியை அட்டை குடித்துவிடும். இல்லாவிட்டால் நாள் கணக்கில் காயாது, காய்ந்தாலும் மினுமினுக்கும். அப்புறம் டர்பன்டைன் விட்டு மூன்றாம் டிகாக்‌ஷன் பதத்துக்குக் கரைக்க வேண்டும்.

தணிகாசலம்: (சந்தேகமாக) அடியில் இருக்கிற பச்சை எனாமலா? எனாமல் என்றால் டர்பன்டைன் அதையும் சேர்த்துக் கிளப்பிவிடும்.

பாஸ்கர்: அக்ரிலிக். அதன் மேல் அக்ரிலிக் வார்னிஷ், நேற்றே காய்ந்துவிட்டது. பளபளப்பு அதனால்தான். மேட் பெயிண்ட் மேல் நேராக விட்டால் வெள்ளை வேட்டியில் காபி கொட்டின மாதிரி பரவிவிடும். பளபளப்பு மேல் விட்டால் பள்ளம் பார்த்து ஓடும்.

தணிகாசலம்: ஓடுமா? காட்டு.

(பேனா மூடியில் கொஞ்சம் டர்பன்டைன். பாஸ்கர் சட்டைப் பையிலிருந்து தூரிகையும் அட்டையும் எடுத்துக் கலக்குகிறார். எஞ்சின் மூடியின் ஓரத்தில் தூரிகை நுனியை ஒரே ஒரு தடவை வைக்கிறார். பழுப்புக் கோடு ஒன்று தானாகவே மூலை வரை ஓடி, திரும்பி, அடுத்த போல்ட்டைச் சுற்றி நிற்கிறது.)

தணிகாசலம்: (மூச்சை விட்டு) அடேங்கப்பா.

பாஸ்கர்: அரைமணி நேரம் கழித்து, மேலே வழிந்ததைக் காது குடைகிற பட்ஸை டர்பன்டைனில் நனைத்துத் துடைத்துவிடலாம். தப்பு செய்தாலும் மன்னிக்கிற பெயிண்ட் இது ஒன்றுதான்.

தணிகாசலம்: தம்பி, நான் டேங்க் பெயிண்ட் அடிக்கிற இடத்தில் 28 வருஷம் வேலை பார்த்தவன்.

பாஸ்கர்: ஐயா! அப்புறம் எதற்குத் தண்ணீர் டேங்க் என்று...

தணிகாசலம்: கடைக்கு வந்து டேங்க் என்றால் தண்ணீர் டேங்க்தான். 41 டன் டேங்க்கோடு யார் வந்து நிற்பார்கள்? கேள். ஒரு தூசி ஒட்டினாலும் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி அடிப்போம். 28 வருஷம் தூசியோடு சண்டை போட்டவனிடம் வந்து ஒரு குப்பி தூசி கேட்கிறாய்.

பாஸ்கர்: மன்னிக்கணும் ஐயா.

தணிகாசலம்: (டேங்க்கைத் திருப்பி, கண்ணருகே கொண்டுபோய்) கேட்டைத் தாண்டிப் போன பிறகு இது எப்படி ஆகும் என்று நான் பார்த்ததே இல்லை. ம்... இதோ பார், டிரைவர் ஏறி இறங்குகிற இடம். பூட்ஸ் தேய்க்கிற இடம். இங்கே பச்சை போய்ப் பளிச்சென்று இருக்கும், ஓரத்தில் மட்டும்தான் அழுக்கு தங்கும். நீ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விட்டால் அது டேங்க் இல்லை, சாம்பார் கொட்டின சோப்புப் பெட்டி. தூரிகையைக் கொடு.

பாஸ்கர்: ஐயா, நான் 100 மில்லி வாங்கத்தான் வந்தேன்...

தணிகாசலம்: இந்த ஒரு மூலை. அப்புறம் அந்தக் கொக்கி. (நாக்கு நுனி வெளியே தெரிய, குனிந்துகொள்கிறார்.)

பாஸ்கர்: கடையில் ஆள் நிற்கிறார் ஐயா.

தணிகாசலம்: நிற்கட்டும். என்ன வேண்டுமாம்?

பாஸ்கர்: டேங்க்குக்கு ஏதோ வேண்டுமாம்.

தணிகாசலம்: (தலை நிமிராமல்) எந்த டேங்க் என்று கேள்.