வீட்டுக்குள் இருக்கும் குட்டைக் கோழிக்கு நோயே வராதா?

"செராமா போன்ற குட்டைக் கோழியை வீட்டுக்குள்ளேயே வளர்த்தால் நோய் வராது, தடுப்பூசி வேண்டாம், உள்ளியும் மஞ்சளும் போதும்" என்று மட்டக்களப்புப் பக்கம் வட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

இராணிக்கெட் என்ற நியூகாசில் நோய்க் கிருமி கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை. சந்தையில் கோழிக்கூடுகளுக்கு அருகில் நின்றுவிட்டு வந்த செருப்பில் ஒட்டியிருக்கும் எச்சமே போதும். ஆரையம்பதியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், வாசலைத் தாண்டாத பேடு ஒன்று கழுத்து முறுகி, பச்சையாகக் கழிந்து, கதிரைக்கு அடியில் கிடந்ததைப் பார்த்தேன். அரைக் கிலோகூட இல்லாத உயிர். இந்த நோய்க்கு மருந்து இல்லை. உள்ளியும் அதை நிறுத்தாது. முன்கூட்டியே போடும் தடுப்பு மருந்துதான் காக்கும். ஒரு குப்பியில் பல கோழிகளுக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதனால் அயல் வீடுகளும் சேர்ந்து கால்நடை வைத்தியரிடம் கேட்பது நல்லது.

சரி, வீட்டுக்குள் வளர்க்கவே கூடாதா? வளர்க்கலாம். ஆனால் கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் விற்றமின் டி கிடைக்காது. தினமும் சற்று நேரம் முற்றத்து வெயிலில், மண் குளிக்க விடுங்கள். கோழிக்குக் கீழே பரப்பும் உமி ஈரமானால் உடனே மாற்றுங்கள், அதிலிருந்து எழும் அமோனியா மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். அப்புறம், பிள்ளைகள் கோழிக்கு முத்தம் கொடுக்க வேண்டாம். நன்றாக இருக்கும் கோழியிலும் மனிதருக்கு வயிற்றோட்டம் தரும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும்.